டப்பாவில் இருப்பது மருந்தா?
முன்னாள் சிப்பாய்களிடம் நடந்த மாத்திரைச் சோதனை

வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கண்ணமங்கலம். சற்றுத் தொலைவில் ஜவ்வாது மலை தெரியும். இந்த வட்டாரத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஏராளம். பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு "ராணுவப்பேட்டை" என்றே பெயர் வந்துவிட்டது!

அங்கே ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரைப் பார்த்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முதுகு வளையவில்லை. ஆனால் முழங்கால் வலி, களைப்பு, சர்க்கரை வியாதி எல்லாம் இருக்கின்றன.

மேஜை மீது பளபளப்பான ஒரு டப்பா இருந்தது.

"இது என்ன ஐயா?" என்று கேட்டேன்.

"ஆன்டி-ஆக்ஸிடென்ட், தம்பி! உடம்புக்குள் பிடிக்கிற துருவை எடுத்துவிடுமாம். பென்ஷன் வந்ததும் முதல் செலவு இதுதான்" என்றார்.

அதோடு விடவில்லை. இந்த டப்பா வந்த பிறகு, சர்க்கரை மாத்திரையில் ஒரு வேளையை நிறுத்திவிட்டாராம்!

"அந்த மாத்திரை இனாம்தானே, ஐயா?"

"இனாம்தான். ஆனால் வேலூருக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். டப்பா வீட்டுக்கே வந்துவிடுகிறதே!"

துரு என்றால் என்ன?

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகும். காற்றில் உள்ள பிராணவாயு செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாற்றைத் தடவினால், கறுப்பது குறையும். நம் உடம்புக்குள்ளும் பிராணவாயுவினால் இப்படிச் சேதம் உண்டாகிறது. அதைத் தடுக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி-ஆக்ஸிடென்ட் என்று பெயர். நெல்லிக்காயிலும் கீரையிலும் அவை இருக்கின்றன. உடம்பே சிலவற்றைத் தயாரித்துக் கொள்கிறது.

அப்படியானால் மாத்திரையாகச் சாப்பிட்டால் நோய் குறையுமா? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் முன்னாள் சிப்பாய்களிடமே சோதித்துப் பார்த்தார்கள்.

வளைகுடா யுத்தம்

1990-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஈராக், குவைத்தைப் பிடித்தது. அப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானங்களில் ஏற்றி நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் கதையைச் சொல்ல நம் ஊர்களில் இன்றும் ஆள் உண்டு.

1991-ல் யுத்தம் நடந்தது. அமெரிக்கா ஏறத்தாழ 7 லட்சம் பேரை அனுப்பியது. சண்டை சில வாரங்களில் முடிந்துவிட்டது. வீடு திரும்பியவர்களுக்குத்தான் தொல்லை ஆரம்பம்! ஓயாத களைப்பு. மூட்டு வலி. தலைவலி. ஞாபக மறதி. நாலில் ஒருவருக்காவது இந்தக் கோளாறுகள் வந்தன.

"எல்லாம் மனப்பிரமை" என்று முதலில் பலர் சொன்னார்கள். பாவம், நோயாளி படும் பாட்டோடு இந்தப் பழியும் சேர்ந்து கொண்டது! 2008-ல்தான் அரசாங்க ஆராய்ச்சிக் குழு ஒன்று, "இது உண்மையான நோய்" என்று உறுதியாகச் சொன்னது. பூச்சி மருந்துகளும், விஷவாயுவிலிருந்து தப்புவதற்காகச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மாத்திரைகளும் காரணம் என்று அந்தக் குழு கூறியது.

46 பேர்

கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் சான் டியாகோ கிளையில் பியாட்ரிஸ் கோலம் என்ற பெண் டாக்டர் இருக்கிறார். அவர் கோ-என்சைம் கியூ-10 என்ற பொருளை எடுத்துக் கொண்டார். அது நம் உடம்பிலேயே இருப்பது. உடம்பின் அணுக்கள் சக்தி உண்டாக்க அது வேண்டும். அதுவும் ஓர் ஆன்டி-ஆக்ஸிடென்ட். 1957-ல் மாட்டின் இதயத்திலிருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள்.

யுத்தத்துக்குப் போய் நோயாளியான 46 பேரை டாக்டர் சேர்த்துக் கொண்டார். சீட்டுக் குலுக்குவதுபோல் அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குத் தினம் 100 மில்லிகிராம். இன்னொரு பிரிவுக்கு 300 மில்லிகிராம். மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை!

ஏன் இந்த ஏமாற்று வேலை என்று கேட்பீர்கள். ஏமாற்று அல்ல. வெறும் மாத்திரையும் இருக்கும் என்று சொல்லித்தான் ஆளைச் சேர்ப்பார்கள். யாருக்கு எது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. பரிசோதிக்கிறவருக்கும் தெரியாது. மருந்து என்று நம்பிச் சாப்பிட்டால், அந்த நம்பிக்கையிலேயே பாதி வலி குறைந்ததுபோல் தோன்றும். வலி தானாகக் குறைகிற நாளும் உண்டு. அந்தப் பெருமையை மாத்திரை தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது அல்லவா?

சுமார் மூன்றரை மாதம் சாப்பிட்டார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் உடல் திறன், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடியிருந்தது. பலருக்கு இருந்த 20 தொல்லைகளைக் கணக்கெடுத்தார்கள். 19 தொல்லைகளில் இவர்களே மேல். தூக்கம் ஒன்றில்தான் இல்லை.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அது டப்பா விற்கிறவர் பேச்சாகிவிடும். மீதியையும் கேளுங்கள்.

"உங்கள் உடல்நிலை எப்படி?" என்பதுதான் சோதனையின் முக்கியக் கேள்வி. ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அதில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. ஆண்களைத் தனியாகப் பார்த்தபோதுதான், அதுவும் 100 மில்லிகிராமில் மட்டும், நன்மை தெரிந்தது. மூன்று மடங்கு சாப்பிட்டவர்களுக்கு மூன்று மடங்கு நன்மை கிடைக்கவில்லை! ஆள் கணக்கும் 46தான். கல்யாண வீட்டில் ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

மற்ற சோதனைகள்

அதே 2014-ல் இன்னொரு முடிவும் வந்தது. அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள 613 முன்னாள் படைவீரர்கள் கலந்து கொண்ட சோதனை அது. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்கள், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை சுமார் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று. போன ஞாபகம் திரும்பி வரவில்லை. ஆனாலும் மறதி நோயாளியை வைத்துப் பராமரிக்கும் மனைவியைக் கேளுங்கள். ஆறு மாதம் எவ்வளவு பெரியது என்று சொல்வார்.

2018-ல் வந்த முடிவோ நேர் எதிர். இதய ரத்தக் குழாய்ப் பரிசோதனையின்போது சிறுநீரகம் கெடாமலிருக்க அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டி-ஆக்ஸிடென்ட் கொடுப்பது பல ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக இருந்தது. ஏறத்தாழ 5,000 பேரிடம் சோதித்தார்கள். பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்கள். பலன் பூஜ்யம்!

கெடுதல் வந்ததும் உண்டு. பின்லாந்து நாட்டில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களிடம் ஒரு சோதனை நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா-கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-ல் இது வெளியானபோது டாக்டர்களே திகைத்துப் போனார்கள்.

டப்பாவில் எழுதியிருப்பது

இதையெல்லாம் ஹவில்தாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் இதைத் தூக்கி எறியச் சொல்கிறாயா?"

"எறிய வேண்டாம், ஐயா. டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு கியூ-10 ஒத்துவராமல் போகலாம். நீங்கள் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்."

முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வைத்திய உதவி தர, ஈ.சி.எச்.எஸ். என்ற திட்டத்தை 2003-ல் மத்திய அரசு தொடங்கியது. வேலூரில் அதன் மருத்துவ நிலையம் இருக்கிறது.

டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம், பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் மீது அந்த வரியை அச்சிட வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. தமிழில் சொன்னேன்: "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"ரெண்டு வருஷமாக வாங்குகிறேன். ஒருத்தரும் இதைப் படித்துக் காட்டவில்லையே!"

உள்ளே இருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் வருகிறேன். அந்த டப்பாவைப் பையில் போட்டு வையுங்கள்!"