பக்கத்து வயல் விளைந்தால் உங்களுக்கு இழப்பீடு கிடைக்காதா?

மேலூர் பக்கம் கால்வாய்க் கடைமடையில் இரண்டு ஏக்கர் நெல் போட்டிருந்த விவசாயி ஒருவர், அறுவடை முடிந்த பிறகு என்னைத் தேடி வந்தார். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் எட்டாததால் பாதிக்கு மேல் பதர். பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தும் இழப்பீடு வரவில்லை. "காய்ந்தது என் வயல். யாரோ ஒருத்தர் வயலை அறுத்துப் பார்த்துட்டு நஷ்டமே இல்லைன்னா எப்படி சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. 'கட்டாயம் பணம் கட்டுங்கள்' என்று அந்த ஊர்க் கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருவன். இழப்பை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று அன்று நான் சொல்லவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

ஊருக்குத்தான் கணக்கு

லாரிக்கோ கடைக்கோ காப்பீடு எடுத்தால், சேதத்தைப் பார்க்க சர்வேயர் நேரில் வருவார். 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பாலான இழப்புகளுக்கு அப்படி யாரும் உங்கள் வயலுக்கு வருவதில்லை. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அளவுகோல். ஊரில் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்வு செய்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போடுவார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஊரின் விளைச்சலைப் பெரும்பாலும் அதில் வரும் சராசரிதான் முடிவு செய்யும்.

இதை 'உத்தரவாத மகசூல்' என்ற அளவோடு ஒப்பிடுவார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதம் என்று அந்தப் பகுதிக்கு நிர்ணயித்த பங்கைக் கணக்கிட்டால் கிடைப்பது அது.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் ஊரின் சராசரி ஏக்கருக்கு 2,500 கிலோ, நிர்ணயித்த பங்கு 80 சதவீதம் என்றால், உத்தரவாத மகசூல் 2,000 கிலோ. இந்த ஆண்டு பரிசோதனையில் 1,500 கிலோ வந்தால் குறைவு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 30,000 ரூபாயாக இருந்தால் இழப்பீடு 7,500 ரூபாய். சம்பா நெல்லுக்கு விவசாயியின் பங்கு 1.5 சதவீதம்; அதாவது நீங்கள் கட்டியது 450 ரூபாய். பிரீமியத்தின் மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

அதே ஊரில் பரிசோதனை 2,100 கிலோ காட்டினால், உங்கள் வயலில் 500 கிலோதான் விளைந்தது என்றாலும் இழப்பீடு இல்லை. வந்தவருக்கு நடந்தது இதுதான்.

ஏன் இப்படி வைத்தார்கள்?

ஏக்கர், அரை ஏக்கர் நிலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பிடும் செலவு, கட்டும் பிரீமியத்தையே தின்றுவிடும். மைசூர் சமஸ்தானத்தில் 1915 வாக்கிலேயே ஜே.எஸ். சக்கரவர்த்தி என்பவர், மழை அளவை வைத்துப் பகுதி முழுமைக்கும் காப்பீடு தரும் யோசனையை முன்வைத்தார். 1985-ல் வந்த விரிவான பயிர்க் காப்பீடும், 1999-ல் வந்த தேசிய வேளாண் காப்பீடும் பரப்பு அடிப்படையில்தான் அமைந்தன.

மானாவாரிக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். உசிலம்பட்டி, சேடப்பட்டி, தே.கல்லுப்பட்டி பக்கம் மழை பொய்த்தால் பெரும்பாலும் எல்லோருடைய பயிரும் சேர்ந்தே வாடும். பெரியாறு - வைகை ஒருபோகப் பாசனத்தில் நிலைமை வேறு. அதன் 1,05,002 ஏக்கரில் 85,563 ஏக்கர் மேலூர் பகுதியில் உள்ளது. அங்கே ஒரே வருவாய் கிராமத்தில் மடைக்கு அருகே உள்ள வயலும், கிணறு உள்ள வயலும் விளையும், கடைமடை காயும். சராசரி எடுக்கும்போது காய்ந்த வயல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

72 மணி நேரம் முக்கியம்

சில இழப்புகளுக்கு மட்டும் தனி வயலைப் பார்ப்பார்கள். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற இடர்களும், அறுவடைக்குப் பின் வயலிலேயே பரப்பியோ சிறு கட்டுகளாகவோ காயவிட்ட பயிர் 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தப்பிய மழையிலோ கெடுவதும் இதில் அடங்கும். களத்தில் குவித்த நெல்லுக்கு இது பொருந்தாது. நெல் நீரில் மூழ்குவது 2018-ல் தனி வயல் மதிப்பீட்டிலிருந்து நீக்கப்பட்டது. நடப்புப் பருவ அறிவிக்கையில் அது உண்டா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண் அலுவலகத்திலோ தெரிவித்தால்தான் மனு நிற்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு ஆகியவற்றை வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். ரசீதிலும் அதே விவரம் இருக்க வேண்டும்.

* கடன் வாங்கியவர்களுக்கும் 2020 காரீப் முதல் காப்பீடு கட்டாயமில்லை. வங்கி பிடித்திருக்கும் என்று இருந்துவிடாமல், எந்தப் பயிருக்குப் பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

* கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். சம்பாவுக்கு அது வழக்கமாக நவம்பர் நடுவில் வரும்.

* ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, நாலு பேராகச் சென்று அளவையும் எடையையும் பாருங்கள். ஊருக்கே பணம் வருமா வராதா என்பது பெருமளவு அந்தத் தராசில்தான் இருக்கிறது.

* கடைமடைக்காரர்கள் காப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம். குறுகிய கால ரகம், காலத்தே நாற்றங்கால், தண்ணீர் உறுதியில்லாத பகுதி நிலத்தில் உளுந்து என்று பிரித்து வையுங்கள்.

களத்தில் இருக்கும் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'பணம் கட்டுங்கள்' என்று சொல்லும் கூட்டத்திலேயே, எப்போது பணம் வராது என்பதையும் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சிலர் கட்டாமல் போகலாம். ஆனால் தெரிந்து கட்டியவர் அடுத்த ஆண்டும் கட்டுவார். தெரியாமல் கட்டி ஏமாந்தவர் திரும்ப வருவதில்லை. என்னைத் தேடி வந்தவர் இந்த ஆண்டு கட்டுவாரா என்று எனக்குத் தெரியாது. முதல் ஆண்டே இந்தக் கணக்கை நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.