தோளில் ஒரு பை, துணைக்கு மேலைக்கடல்

முதுகில் பெரும் பையுடன் ஊர் ஊராய்த் திரியும் வெளிநாட்டு இளைஞரைக் கண்டு முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. 'பேக்பேக்கிங்' என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டுள்ளனர். மூட்டையொன்றைத் தோளிலிட்டு, சத்திரம் கண்ட இடத்தில் தங்கி, குளம் கண்ட இடத்தில் நீராடி க்ஷேத்திராடனம் செய்த நம் பாட்டனார்கள் செய்ததும் அதுவேயன்றோ?

சென்ற தை மாதம் யானும் என் துணைவியாரும் அவ்வாறே கர்நாடகக் கடற்கரை வழியே புறப்பட்டோம். எனக்கு அகவை 71. ஆளுக்கொரு தோள்பை; உள்ளே இரண்டு மாற்றுடை, மருந்துகள், செம்பு, சிறிது தர்ப்பையும் எள்ளும். கார் ஏற்பாடு செய்வதாக மகன் கூறினான்; வேண்டாமென்றோம். காரில் சென்றால் கோயில்கள் மட்டுமே கிட்டும், பேருந்தில் சென்றால் இடையிலுள்ள ஊர்களும் கிட்டும் என்பது என் துணைவியாரின் வாதம்.

உடுப்பியில் தொடங்கினோம். அங்குள்ள கண்ணன் கடல்வழி வந்தவன். மால்பே கரைக்கப்பால் புயலில் தத்தளித்த கப்பலை மத்வாசாரியர் காத்தருள, மாலுமி நன்றியுடன் அளித்த கோபிசந்தனக் கட்டியினுள் அத்திருவுருவம் இருந்ததென்பது வரலாறு. ஒன்பது துவாரங்களுள்ள சாளரம் வழியே அவனைத் தரிசித்தபின் பலரும் ஊர் திரும்பிவிடுகின்றனர். மால்பேக்கும் ஒரு நடை செல்லுங்கள். இன்று அது மீன்பிடித் துறைமுகம், வாடை உண்டுதான். எனினும் அக்கரையில் நின்று மேற்கே நோக்கினால், அக்கதை வேறுவிதமாய் மனத்தில் பதிகிறது.

குந்தாப்பூரைக் கடந்ததும் மரவந்தே. சாலையின் ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் சௌபர்ணிகை ஆறு. கொல்லூரில் மூகாம்பிகையின் திருவடி வருடி வரும் அதே சௌபர்ணிகைதான். பேருந்து அவ்விடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும்; அப்பொழுது உறங்கிவிடாதீர்கள்! கொல்லூரைப் பற்றி இவ்விதழ் வாசகர்களுக்கு யான் புதிதாய்க் கூற ஏதுமில்லை.

முருடேசுவரத்தில் 123 அடி உயரச் சிவபெருமான், 237 அடி உயர இராஜகோபுரம். மூன்று புறமும் கடல் சூழ்ந்த குன்று. உண்மையைச் சொன்னால், அப்பேருருவின் முன் என் மனம் அத்துணை ஒன்றவில்லை. ஆயினும் கோபுரத்தினுள் மின்தூக்கி அமைத்தவர்க்கு முழங்கால் நோயுள்ளோர் சார்பில் நன்றி.

கோகர்ணத்தை அந்திப் பொழுதில் அடைந்தோம். சம்பந்தரும் அப்பரும் பாடிய துளுவ நாட்டுத் தலம் இது. இராவணன் பெற்றுவந்த ஆன்மலிங்கத்தைத் தரையில் வைக்கலாகாது. திருமால் கதிரவனை மறைக்கவே, அந்தி வந்ததென்று மயங்கிய இராவணன், சந்தி செய்வதற்காக லிங்கத்தை ஒரு சிறுவன் கையில் தந்தான். சிறுவனாய் வந்தவர் விநாயகர். மும்முறை அழைத்து, மண்ணில் வைத்துவிட்டார். இராவணன் பற்றி இழுக்க, லிங்கம் பசுவின் காதுபோல் குழைந்தது. இக்கதையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். ஆனால் நம் கீழைக்கடலில் கதிரவன் எழுவான், அமிழ்வதில்லை. கோகர்ணக் கரையில் செங்கதிர் நீரில் இறங்க இறங்க, அங்கிருந்த அனைவரும் பேச்சை நிறுத்தினர். மணலில் படுத்துக்கிடந்த அயல்நாட்டு இளைஞரும் எழுந்து அமர்ந்தனர். இத்தகைய வேளையில் எவரும் கையிலுள்ளதைப் பிறரிடம் ஒப்படைத்துவிடக்கூடும் என்று தோன்றிற்று.

தர்ப்பையும் எள்ளும் மறுநாளைக்கு. அன்று தை அமாவாசை. கோகர்ணக் கடலில் நீராடிப் பிதுர்க்கடன் செய்ய என் தந்தையார் வெகுநாள் விரும்பினார். ஒருமுறை பயணச்சீட்டு வாங்கியும் வர இயலாது போயிற்று. புரோகிதர் சொல்லச் சொல்ல அவர் பெயரைக் கூறி எள்ளும் நீரும் இறைத்தேன். சற்றுத் தொலைவில் இளம்பெண்ணொருத்தி படமெடுக்கக் கைப்பேசியை உயர்த்தினாள். என் முகத்தைப் பார்த்துத் தானே தாழ்த்திக்கொண்டாள். அதன்பின் அவள் தோளில் கிடந்த பெரும்பை எனக்கு உறுத்தவில்லை.

பின்னர் கோடிதீர்த்தம், மகாகணபதி, அதன்பின் மகாபலேசுவரர் என்பது இங்குள்ள முறை. கணபதியின் சிரத்தில் இராவணன் குட்டிய வடு இருப்பதாகக் காட்டுவர். மகாபலேசுவரரின் திருமேனி பெரும்பகுதி மறைந்தே உள்ளது. ஆவுடையாரின் நடுவிலுள்ள குழியில் கையிட்டு அதன் உச்சியைத் தொட்டு உணர்வது வழக்கம். கண்ணால் காண்பதைவிட விரலால் அறியும் தரிசனம். ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டியுடன் செல்லவேண்டும்.

தெற்கே குன்றேறினால் இராமதீர்த்தச் சுனை. அப்பால் குட்லே கடற்கரை, பின் ஓங்கார வடிவில் வளைந்த ஓம் கடற்கரை. இளைஞர் இவற்றை நடந்தே கடக்கின்றனர். செம்பாறைப் படிகள் சீரற்றவை, கைத்தடி தேவை. இயலாதோர் ஓம் கடற்கரைக்கு ஆட்டோவில் செல்லலாம். பாறையோரம் நீரிழுப்பு மிகுதி; கணுக்கால் அளவோடு நிற்பது நலம். ஆனி முதல் ஆவணி வரை மழையும் அலையும் கடுமை, அம்மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

என் துணைவியார் குட்லே வரை நடந்தே வந்தார். திரும்பும்போதும் ஆட்டோ வேண்டாமென்றார். மறுநாள் இரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தோம். பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்துகையில் அவர் என்னை விட்டு எழுந்துபோய், கார்வாருக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.