சும்மா கிடந்தாலே கெட்டுப்போகும் மெஷின் எது தெரியுமா?

தையல் மெஷினை ஆறு மாதம் மூடி வைத்துவிட்டு எண்ணெய் விட்டால் ஓடும். கிரைண்டரும் அப்படித்தான். ஓடி ஓடித் தேய்வதைவிட, ஓடாமல் கிடந்தே அதிகம் பாழாகும் ஒரு மெஷின் நம் வீட்டு மேஜை மேலேயே இருக்கிறது: இங்க்ஜெட் பிரிண்டர்! பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்காக நம் புதுச்சேரி மடுகரையில் ஒரு வீட்டில் வாங்குகிறார்கள். கோடை விடுமுறையில் துணி போட்டு மூடுகிறார்கள். திரும்பத் திறந்தால் படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. யாரும் தொடவே இல்லையே, எப்படி?

அந்தப் பெட்டிக்குள் நடப்பது சாதாரண வேலை இல்லை! மை சொட்டும் துளையான நாசில், தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. ஒரு சொட்டு 4 பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டீஸ்பூன் மையில் எத்தனை சொட்டு தெரியுமா? 125 கோடி!

இந்தச் சொட்டைத் தள்ளுவது எது? கேனான், ஹெச்பி மெஷின்களில் ஒரு குமிழி. துளைக்குப் பின்னால் உள்ள குட்டி ஹீட்டர், ஒரு நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்துக்குள் சுமார் 300 டிகிரியைத் தொடுகிறது. குமிழி வெடித்தெழுந்து மையைத் தெறிக்க விடுகிறது. 1977இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது, மை பீய்ச்சியது. அதைப் பார்த்த இச்சிரோ எண்டோ பிடித்துக்கொண்ட யோசனைதான் இது! எப்சனில் சூடே கிடையாது. கரண்ட் பட்டால் வளையும் படிகத் தகடு மையைத் தள்ளுகிறது.

இப்போது சும்மா கிடப்பதன் ஆபத்துக்கு வருவோம். மையில் பெரும்பங்கு தண்ணீர். சீக்கிரம் காயாமலிருக்க கிளிசரின் மாதிரிப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் அவ்வளவு சின்னத் துளையில் தண்ணீர் ஆவியானால் மிச்சமிருக்கும் சாயம் அடைப்பாகிவிடும். இதைத் தடுக்க மெஷினுக்குள்ளேயே ஒரு ரப்பர் மூடி இருப்பது தெரியுமா? வேலை முடிந்ததும், நாசில்கள் உள்ள பாகமான ஹெட் ஓரமாகப் போய் அந்த மூடிமேல் உட்காரும். உள்ளே ஈரக்காற்று தங்கும்.

ஆனால் ஹெட் போய் உட்கார கரண்ட் வேண்டும்! இந்த ஒரு விஷயத்தை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருக்கிறது. பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அது ஹெட்டை மூடிவிட்டுத்தான் அணையும். வேலை நடுவில் சுவர் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்து கிடக்கும். பக்கம் ஓடும்போது கரண்ட் போனாலும் இதே கதிதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கம் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட மழைக்காலம் வரும் ஊர் இது. தரையில் பிரிண்டரை வைக்காதீர்கள். கரண்ட் வந்தவுடன் ஒருமுறை ஆன் செய்து, ஹெட் ஓரமாய்ப் போனபின் பட்டனில் அணையுங்கள்.

மழையைவிடக் கொடியது எது தெரியுமா? அக்னி நட்சத்திரம்! ஷீட் போட்ட அறையின் சூட்டில் மை வேகமாகக் காயும். எப்சனின் பல மாடல் கையேடுகளில், 40 டிகிரியில் வைப்பதானால் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்றே இருக்கிறது. ஜன்னல் வெயில் படாத, குளிர்ச்சியான அறைதான் நல்லது. ட்ரேயில் இருக்கும் பேப்பரை எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சிச் சுருண்டுவிடும்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம்! மை போகும் பாதையில் காற்று ஏறும், மூடியின் பாதுகாப்பும் போய்விடும். அது அதன் இடத்திலேயே இருக்கட்டும். மை டேங்க் மெஷினைச் சாய்க்கவே கூடாது. வில்லியனூருக்கு சர்வீசுக்குப் போனாலும் பைக்கில் படுக்க வைத்துப் போகாதீர்கள்.

அடைத்துவிட்டால்? 'க்ளீனிங்' கொடுத்தால் பம்ப் மையை உறிஞ்சி எடுக்கும். அந்த மை எங்கே போகிறது தெரியுமா? அடியிலுள்ள பஞ்சுத் திண்டுக்கு! காசு கொடுத்து வாங்கிய மை அங்கே தேங்கும். திண்டு நிறைந்துவிட்டதாகக் கணக்கானால் மெஷினே நின்றுவிடும். இரண்டு மூன்று முறைக்கு மேல் அழுத்தாமல் ஓர் இரவு விட்டுப் பாருங்கள், ஊறி இளகும். ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் மாடல் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியில் ஒற்றலாம்.

இதெல்லாம் வராமலிருக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் எடுங்கள். ஊருக்குப் போவதானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வருஷத்துக்கு நாலு பக்கம்தான் தேவை என்றால் இங்க்ஜெட்டே வேண்டாம். லேசரில் இருப்பது காய்ந்த பொடி, அது மாதக்கணக்கில் கிடந்தாலும் அடைக்காது. அதுவும் வேண்டாமென்றால் ஜெராக்ஸ் கடைதான் லாபம்.