வேட்டைத் துப்பாக்கிக்குச் செயற்கைக் கட்டை
அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா மொச்சைப் பயிர்களை மேயும் வெண்வால் மான்களை, அனுமதிக்கப்பட்ட பருவத்தில் விவசாயிகள் பலர் சுடுகின்றனர். மழையும் பனியும் உள்ள காலம் அது. துப்பாக்கியின் வால்நட் மரக்கட்டை ஈரத்தில் உப்பி வளைந்து குழலை அழுத்தும். குறி விலகினால் மான் காயத்தோடு ஓடிவிடும்.

செயற்கைக் கட்டை உப்பாது. ஆனால் எல்லாம் ஒரே தரமல்ல. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை மலிவு. முன்பகுதி வளைந்து கொடுக்கும். கண்ணாடி இழையை எபாக்சி பிசினில் அடுக்கிச் செய்தது விலை கூடினாலும் உறுதியானது. கார்பன் இழைக் கட்டை சுமக்க இலகு. தோளில் உதைப்பு அதிகம். நிறத்தைப் பார்த்து வாங்குவது வீண் செலவு.

ரெமிங்டன் 700 ரகத்தில் குட்டை, நெட்டை என இரு அளவுகள் உண்டு. மாற்றி வாங்கினால் பொருந்தாது. பொருத்தியபின், முன்பகுதியை அழுத்தியபடி குழலுக்கடியில் காகிதத்தை இழுக்கவும். தடையின்றி நகர வேண்டும். பிறகு சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்துவது அவசியம்.