கால் சுற்றில் மாறும் குரல்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஐ.டி. கம்பெனிப் பேருந்துகள் இன்னும் கிளம்பாத நேரத்தில் சென்னை பெருங்குடியில் பழைய மகாபலிபுரம் சாலையோரம் நின்றால், யமஹா ஆர்.எக்ஸ். 100 வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான வண்டி அது. 98 சி.சி., 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. எடை குறைவு, பிக்கப் அதிகம் என்பதால் மண்தடப் பந்தயங்களிலும் மலைப்பாதைகளிலும் அது தனி இடம் பிடித்தது. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், அதைப் பேணி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களில் பலர் மெக்கானிக்கிடம் முதலில் சொல்வது ஒன்றைத்தான்: "அண்ணே, பெட்ரோல் ரொம்பக் குடிக்குது, கொஞ்சம் குறைச்சு வைங்க." அந்த வண்டியின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் ஆயுளைக் குறைக்கும் வேண்டுகோள் இது.

காரணம் அந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. பைக்குகளின் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் அடியில் தேங்கியிருக்கும் ஆயில் உறுப்புகளை நனைத்துக்கொண்டே இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தத் தேக்கம் கிடையாது. உள்ளே வரும் பெட்ரோல் கலவையோடு சேர்ந்து வரும் 2டி ஆயில்தான் கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாவற்றுக்கும் உயிர். பெட்ரோல் ஆவியாகும்போது பிஸ்டனின் சூட்டையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆகவே பெட்ரோலைக் குறைத்தால் குளிர்ச்சி குறையும். ஆயிலும் பெட்ரோலோடு கலந்து வரும் வண்டியென்றால் வழவழப்பும் சேர்ந்து குறையும். சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். மெக்கானிக்குகள் "ஜாம் ஆயிடுச்சு" என்பது இதைத்தான். பிறகு போர் போட்டு, பெரிய சைஸ் பிஸ்டன் மாற்ற வேண்டியதுதான். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு அந்தச் செலவுக்கு எந்த மூலைக்கு?

பெட்ரோலை அளந்து காற்றோடு கலந்து தருவது கார்ப்பரேட்டர். இந்த வண்டிகளில் இருப்பது மிகுனி வகை. ஜப்பானிய மிகுனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1985-இல் தொடங்கிய யூகால் நிறுவனம் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் கார்ப்பரேட்டர் செய்துவந்தது. எனவே அதன் நுணுக்கம் தெரிந்த கைகள் இந்த ஊருக்குப் புதிதல்ல.

கார்ப்பரேட்டரை ஒரே துளை கொண்ட கருவியாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் உள்ளே பொறுப்பு கைமாறுகிறது. ஐடிலிங்கிலும் முதல் கால்வாசித் திருகலிலும் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பெட்ரோலை அளக்கின்றன. கால்வாசி முதல் முக்கால்வாசி வரை, ஸ்லைடில் தொங்கும் கூம்பு வடிவ நீடில் பொறுப்பேற்கும். அதற்கு மேலே முழுத் திருகல் வரை மெயின் ஜெட். நகரத்திலும் மண்பாதையிலும் வண்டி பெரும்பாலும் ஓடுவது நடுப்பகுதியில். அதாவது நீடில் ஆட்சியில். ஆனால் ஆசையோடு எல்லாரும் திருகுவதோ வெளியே தெரியும் ஏர் ஸ்க்ரூவை! நடுவில் பிக்கப் திணறினால், ஏர் ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் பெரிய பலன் இருக்காது. நீடிலில் உள்ள கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கிப் போட்டால் நீடில் உயரும், நடுப்பகுதிக்குப் பெட்ரோல் கூடும்.

ஏர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கும் ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஸ்க்ரூவை அழுத்தாமல் முட்டும் வரை மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காத்திருந்து காதைக் கொடுத்தால், ஓர் இடத்தில் ஐடிலிங் உயர்ந்து சீராக நிற்கும். அதுதான் புள்ளி. இந்தக் கார்ப்பரேட்டரில் அந்த ஸ்க்ரூ காற்றை அளப்பது. மூடினால் பெட்ரோல் பங்கு கூடும், திறந்தால் குறையும். முக்கால்வாசி மூடிய பிறகும் எஞ்சின் இன்னும் மூடச் சொன்னால், ஸ்லோ ஜெட் சிறியது என்று பொருள்.

இதையெல்லாம் தொடும் முன்பே பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. புழுதியில் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டர், கரி அடைத்த சைலன்சர், இரண்டுமே கார்ப்பரேட்டர் கோளாறு போலவே வேஷம் போடும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைச்சல் இறங்காமல் தொங்கினால், ஸ்க்ரூவை விட்டுவிட்டு இன்டேக் ரப்பரையும் கிராங்க் ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். எங்கோ வெளிக்காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். பித்தளை மென்மையானது. துளை ஒரு மயிரிழை விரிந்தாலும் அதில் பொறித்த எண் பொய்யாகிவிடும். காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எத்தனால் கலந்து இப்போது பெட்ரோலே மாறிவிட்டது என்பதுதான் பலர் கவனிக்காத சங்கதி. சுத்த பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது சுமார் 13.5-க்கு இறங்குகிறது. காற்றின் அளவு அதேதான் என்பதால், எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போயாக வேண்டும். 1985-இல் வடிவமைத்த ஜெட்டுக்கு இது தெரியாது. நேற்று வரை சரியாக இருந்த செட்டிங், இன்று யாரும் தொடாமலேயே பெட்ரோல் குறைந்த செட்டிங்காகிவிடுகிறது. முன்பு மைலேஜுக்காகக் குறைத்து வைத்த வண்டியென்றால் ஆபத்து இரட்டிப்பு. மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்கி, கிளிப்பை ஒரு காடி இறக்கி ஓட்டிப் பார்ப்பது நியாயமான தொடக்கம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் விவரம் தெரியும்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஈரக் கரியாக இருந்தால் அதிகம், பிஸ்கட் நிறமென்றால் சரி. முழு வேகத்தில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்துப் பார்க்கும் சோதனையை ஆளில்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலை அதற்கு இடமல்ல.

மலை ஏறினால் கணக்குத் தலைகீழ். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெருங்குடியில் கச்சிதமாக இருந்த வண்டி அங்கே கரியைக் கக்கித் திணறும். அங்கேயே ஜெட்டைக் குறைத்துவிட்டு அப்படியே கீழே இறங்கினால்தான் வினை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை, ஆக்ஸிலேட்டரை மூடியபடி கியரிலேயே எஞ்சின் இழுக்க இறங்கும்போதும் இதே ஆபத்து: சுழற்சி அதிகம், ஆயிலோ மிகக் குறைவு. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு திருகு திருகிக்கொடுத்தால் உள்ளே ஆயில் போய்ச் சேரும்.

மழைக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால், பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, ஃப்ளோட் கிண்ணத்தின் அடித்திருகைக் கழற்றி மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் பொருள். பெருங்குடி போன்ற கடலோரக் காற்றில் அந்தக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர அதிக நாளாகாது.