15 என்றார்கள், 120 என்றது கேமரா

எதிரே டிவியில் சீரியல், கையில் செல்போன். அரை மணி நேரத்தில் கண் இங்கும் அங்குமாக எத்தனை தடவை தாவியிருக்கும்? பத்துப் பதினைந்து என்பீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் ஓர் ஆய்வில் கலந்துகொண்ட 42 பேரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

ஆடம் பிரேசல், ஜேம்ஸ் கிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் அவர்களை ஒரு டிவிக்கும் ஒரு கணினிக்கும் முன்னால் உட்காரவைத்தார்கள். எதைப் பார்ப்பது, எப்போது மாறுவது என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். இருபத்தேழரை நிமிடம் கேமரா அவர்களின் கண் போகிற திசையைப் பதிவுசெய்தது. பிறகு அந்தப் பதிவை வைத்துத் தாவல்களை எண்ணினார்கள். சராசரி 120! நிமிடத்துக்கு நான்குக்கும் மேல். ஆனால், அவர்கள் சொன்ன கணக்கின் சராசரியோ ஏறக்குறைய 15. முடிவுகள் 2011இல் வெளியாயின.

டிவிக்குக் கிடைத்த பார்வைகளில் பாதி, இரண்டு விநாடிகூட நிலைக்கவில்லை. கணினியிலும் பாதிப் பார்வைகள் ஆறு விநாடியைத் தாண்டவில்லை. இரண்டு விநாடியில் ஒரு காட்சிகூட முழுதாகக் கண்ணில் படாது. கதை மட்டும் எப்படியோ புரிந்துவிடுகிறது. சீரியல்காரர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம் ஊர் டிஆர்பி கணக்குக்கு இந்தத் தாவல் தெரியாது. டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு வீடுகளில் பொருத்தும் மீட்டர், சேனலின் ஒலியில் நம் காதுக்குக் கேட்காதபடி கலந்திருக்கும் குறியீட்டைப் பிடித்து, எந்தச் சேனல் ஓடுகிறது என்று அறிகிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். டிவி பார்க்க உட்காருகிறவர் தன்னுடையதை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் மூழ்கினாலும் அவர் பார்வையாளர்தான்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பைரன் ரீவ்ஸ் குழுவினர் வேறு வழியில் போனார்கள்: கண்ணுக்குப் பதிலாகத் திரையைக் கவனித்தார்கள். சம்மதித்தவர்களின் போனிலும் லேப்டாப்பிலும் ஒரு மென்பொருள். திரை விழித்திருக்கும்போதெல்லாம் 5 விநாடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும். ஒரு நாளில் 5 மணி நேரம் பார்த்தால் 3,600 படங்கள். அவற்றிலுள்ள எழுத்தையும் படத்தையும் கணினியே படித்து வகை பிரிக்கிறது. எந்தச் செயலியிலிருந்து எதற்குத் தாவினார், எத்தனை விநாடி தங்கினார் என்பதெல்லாம் வரிசையாகக் கிடைத்துவிடும். ஒரு சங்கடம்: போன்காரர் சம்மதித்தார், சரி; அவருக்கு மெசேஜ் அனுப்பிய நண்பரிடம் யார் கேட்டார்கள்?

பாஸ்டன் கேமராவுக்குக் கண் தெரிந்தது; ஸ்டான்போர்டு மென்பொருளுக்குத் திரை தெரிகிறது. போனை மேசையில் ஒளிரவிட்டு டிவியை அண்ணாந்து பார்ப்பவரை அந்த மென்பொருளால் பிடிக்க முடியாது. மனம் எங்கே இருக்கிறது என்பது இரண்டுக்குமே எட்டாத விஷயம்.

ஒன்று மட்டும் நிச்சயம். 'நான் அவ்வளவெல்லாம் பார்ப்பதில்லை' என்று நாம் நம்மைப் பற்றிச் சொல்லும் கணக்கை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சந்தேகமா? இன்றிரவு வீட்டில் ஒருவர் டிவியும் போனுமாக உட்காரும்போது, ஓரமாக இருந்து தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் கண் நல்ல பிள்ளையாகிவிடும். அரை மணி கழித்து, எத்தனை தடவை என்று முதலில் அவரிடமே கேளுங்கள். தாளைப் பிறகு காட்டலாம்.