மூலிகை மருந்தும் ஒவ்வாமையும்

மதுரைக் கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடைகளில் எள், கடுகு, ஆமணக்கு, இசப்புக்கோல் முதலியன விற்கப்படுவதைக் காண்கிறோம். சுற்றியுள்ள ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் பொருள்கள் இவை. 'மூலிகைதானே, தீங்கு செய்யாது' என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மிகப் பலருக்கு அது பொருந்தும். சிலருக்கோ இவ்விதைகளே பகையாகின்றன. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

முளைக்கும் செடிக்கு உணவாகுமாறு விதை தன்னுள் புரதங்களைச் சேமித்து வைக்கிறது. எள், கடுகு, ஆமணக்கு ஆகிய மூன்றிலும் அல்புமின் வகைச் சிறு புரதம் உண்டு. சிலரது உடலின் காப்பமைப்பு இப்புரதத்தைப் பகையெனப் பிழைபடக் கருதி, அதற்கெதிராக ஐஜிஈ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அப்போது வெளிக்குறி எதுவும் தோன்றாது. பின்னர் அப்புரதம் மீண்டும் உட்செல்லும்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் பெருகுகின்றன. தடிப்பு, அரிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றும். கடுமையானால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரும். இக்கடுநிலைக்கு 1902-இல் பிரெஞ்சு அறிஞர்களான போர்ட்டியேயும் ரிஷேயும் 'அனபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர்.

கொதிக்க வைத்தால் கெடுதி நீங்கும் என்பாரும் உளர். இவ்வல்புமினோ கொதிநீரிலும் இரைப்பை அமிலத்திலும் எளிதிற் சிதையாது. ஆமணக்கை ஆட்டும்போது புரதம் பெரும்பாலும் பிண்ணாக்கில் தங்கிவிடும். அதனால் ஆலைகளில் அத்தூசியை நுகர்ந்தோர்க்கு ஆஸ்துமா கண்டதுண்டு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் சிறிதளவு எஞ்சக்கூடும். தைலங்கள் பலவற்றுக்கு நல்லெண்ணெயே அடிப்படை என்பதை மறத்தலாகாது. இசப்புக்கோல் பொடியை நோயாளிகளுக்குக் கலக்கித் தந்த செவிலியர் சிலர், அதன் தூசியால் ஒவ்வாமை உற்று, பின்னர் அதனை உண்டபோது கடும் விளைவுக்கு ஆளானதை மேனாட்டு மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

சேராங்கொட்டையின் நெய் கொப்புளம் எழுப்புவது; எனவே சித்த மருத்துவர் அதனைச் சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்ப்பர். சுத்தி, பொருளில் உள்ள நஞ்சைத் தணிக்கும். ஒவ்வாமையோ உண்பவர் உடலில் உள்ளது. ஆதலின் இங்கே அறிதலே காப்பு.

அமெரிக்க நாட்டில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளினைக் குறிப்பிடுதல் கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் உறையில் சேர்மானங்களைக் குறித்தல் வேண்டும் என்பது சட்ட விதி. அதனைப் படித்தறிதல் நம் கடன். காகிதத்தில் மடித்துத் தரும் பொடிக்கு அத்தகைய குறிப்பு இராது. அதில் சேர்ந்தவை எவையெனக் கேட்டறிய வேண்டும். எள்ளுருண்டையோ கடுகோ முன்னர் ஒவ்வாதிருப்பின், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். மருந்துண்டபின் மூச்சுத் திணறினால் கைவைத்தியத்தில் காலங்கழிக்காது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அந்நேரத்தில் உயிர்காப்பது அட்ரினலின் ஊசியே. மூலிகையைப் போற்றுவோம், நம் உடலின் இயல்பையும் அறிந்து போற்றுவோம்.